மைக் நளீமின் மகளும் மஞ்சள் கொமட்டும்

கல்முனைக்குடியில் ஒரு சேதி ஊருக்குத் தெரிய வேண்டுமென்றால் நளீமிடம் சொல்வார்கள். தெரியக் கூடாதென்றால், நளீம் அந்தப் பக்கம் வருகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

வயது நாற்பத்தொன்று. தொழில், அறிவிப்பு. ஆட்டோவின் கூரையில் இரண்டு ஹோர்ன், பின் சீற்றில் அம்ப்ளிஃபயரும் பெற்றரியும், கையில் சுருள் வயர் போட்ட மைக். மருதமுனை தொடக்கம் ஒலுவில் வரை அவருடைய எல்லை. புடவைக்கடை மலிவு விற்பனை, இரத்ததான முகாம், தண்ணீர்வெட்டு, காணாமற்போன மாடு, கண்டெடுத்த பேர்ஸ் எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குள் வரும். தேர்தல் காலத்தில் காலையில் ஒரு கட்சிக்கும் அசர்த் தொழுகைக்குப் பிறகு அதன் எதிர்க்கட்சிக்கும் ஒரே குரலில், ஒரே உருக்கத்தோடு பேசுவார். "எனக்கு ரெண்டு பேரும் ஒண்டுதான்" என்பார். அதில் பொய் இல்லை.

தொழில் ஆட்டோவோடு நின்றிருந்தால் நல்லது. வீட்டுக்குள்ளும் அதே வாய்தான் வரும். மனைவி முஸ்பிறாவின் வயிற்றில் பிள்ளை என்று உறுதியான அன்று, அந்தச் சேதி நிந்தவூர் வரை போய்த் திரும்பி வந்துதான், அடுத்த வீட்டிலிருந்த அவளுடைய ராத்தா றுகையாவின் காதில் விழுந்தது. றுகையா நான்கு நாள் தங்கையோடு கதைக்கவில்லை. நளீமுக்கு இதெல்லாம் குற்றமாகவே படாது. தன்னுடைய மூலநோய்க்கு எந்த மருந்து கேட்டது, எது கேட்கவில்லை என்பதையும் அவர் தேநீர்க் கடையில் நின்று விளக்கியவர். தனக்கென்று ஒரு மறைவு இல்லாத மனிதருக்கு மற்றவர்களின் மறைவு எங்கே விளங்கப் போகிறது.

அவர் மகள் ஹிமாயாவுக்கு மறைவு தேவைப்பட்டது.

ஹிமாயாவுக்கு மூன்று வயது தாண்டி நான்கு மாதம். மூத்திரத்துக்குப் பாத்ரூமுக்குத் தானே போவாள், தானே கழுவுவாள். கக்கா என்றால் மட்டும் கதை வேறு. உம்மாவிடம் வந்து ஒரு பம்பர்ஸ் கேட்பாள். அதைக் கட்டிக்கொண்டு அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் இருக்கிற சந்துக்குள் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டே காரியத்தை முடிப்பாள். "அங்கால போங்க" என்று ஒரு குரல் மட்டும் வெளியே வரும். கடலுக்கு ஐந்து வீடு தள்ளிய அந்த ஒழுங்கையில் ஒன்பது வீடுகள். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் அடுத்த வீட்டில் சோறு எடுத்து வைப்பார்கள், அவ்வளவு நெருக்கம். அதில் தனியாக நிற்க ஓர் இடத்தைக் கண்டுபிடித்தவள் அவள் ஒருத்திதான்.

ஜனவரியில் நேசரி திறக்கிறது. பெயர் பதியப் போன அன்றே டீச்சர் சொல்லிவிட்டார்: "பம்பர்ஸ் புள்ளயள நாங்க எடுக்கிறல்ல. இருவத்தஞ்சி புள்ளைக்கு நான் ஒரு ஆள்." முஸ்பிறா அன்று பின்னேரமே கல்முனை பஜாரில் ஒரு மஞ்சள் பேபி கொமட் வாங்கி வந்தாள். குசினிக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அதை வைத்தாள். தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மகளை உடுப்போடு அதில் குந்த வைத்து, கீரை ஆய்ந்துகொண்டே கதை சொன்னாள். ஒரு மாதம் இப்படிப் போனது. நளீமுக்கு அது தெரியாது. அந்த நேரம் அவர் காரைதீவிலோ சாய்ந்தமருதிலோ யாருக்காகவோ மலிவு விலையில் சாரமும் சட்டையும் விற்றுக்கொண்டிருப்பார்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, யாரும் சொல்லாமல், ஹிமாயா தானே போய்க் குந்தினாள். கக்கா போனாள். எழும்பிக் கொமட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "உம்மா, விழுந்திட்டு" என்றாள்.

முஸ்பிறா செய்த ஒரே பிழை, அதை அடுப்படியில் நின்று கொஞ்சம் சத்தமாக "அல்ஹம்துலில்லாஹ், என்ட மகள் கொமட்டில போயிட்டா!" என்று சொன்னதுதான். நளீம் அப்போதுதான் ஆட்டோவை முற்றத்தில் நிறுத்தியிருந்தார். பெற்றரி இன்னும் கழற்றவில்லை. மைக் கையில் இருந்தது.

"கல்முனைக்குடி வாழ் அன்பார்ந்த சகோதர சகோதரிகளே! மகிழ்ச்சியான ஓர் அறிவித்தல்! எமது அருமை மகள் ஹிமாயா, இன்று காலை ஒன்பது இருபதுக்கு, பம்பர்ஸ் இல்லாமல், முதன்முறையாக, கொமட்டில்…"

இரண்டு ஹோர்னும் கடலைப் பார்த்துத்தான் இருந்தன. இருந்தாலும் ஒழுங்கைக்கு அது போதும். மூன்று நிமிடத்தில் முற்றம் நிறைந்தது. றுகையா சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பிறகு அது போதாதென்று வாசலால் வந்தாள். மீன் சைக்கிள் முகைதீன்பாவா, நிறுத்துக்கொண்டிருந்த மீனோடு வந்தார். யாரோ கை தட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். கட்டாரிலிருந்த நளீமின் தம்பியை வீடியோக் கோலில் கூப்பிட்டார்கள். "எங்க, காட்டுங்க பாப்பம்" என்றான் அவன். காட்டினார்கள்.

ஹிமாயா ஒரு கையில் ஜட்டியைப் பிடித்துக்கொண்டு, அரைக்குக் கீழே ஒன்றும் இல்லாமல், முப்பது பேரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. கொமட்டைத் தூக்கிப் பார்த்த ஜனத்தை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு ஜட்டியைப் போட்டுக்கொண்டு அலுமாரிச் சந்துக்குள் போனாள்.

அதற்குப் பிறகு அவள் எங்கும் போகவில்லை. கொமட்டில் இல்லை, பம்பர்ஸிலும் இல்லை. வரும்போது காலைக் காலோடு பின்னிக்கொண்டு, விரல் நுனியில் நின்று, முகம் சிவக்கச் சிவக்க அடக்கினாள். நான்காம் நாள் வயிறு றபான் மேளம் மாதிரி இறுகிவிட்டது. ஐந்தாம் நாள் சோற்றைத் தள்ளினாள். ஒரு நாள் கொஞ்சம் வந்து, வலியில் கத்தி, அதையும் நிறுத்திக்கொண்டாள்.

ஒழுங்கை சும்மா இருக்குமா? பப்பாசிப்பழம் வந்தது. முந்திரிகை வற்றல் ஊறவைத்த தண்ணீர் வந்தது. ஓதின தண்ணீர் வந்தது. பின்னால் வைக்கச் சவர்க்காரத் துண்டு ஒன்றைச் சீவிக்கொண்டு வந்த கிழவியை முஸ்பிறா வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். "கண்ணூறுகா. அண்டைக்கு அத்தின பேர் பாத்தாங்களே" என்றாள் றுகையா. அந்த அத்தனை பேரில் முதல் ஆள் தான்தான் என்பது அவளுக்கு நினைவில் இல்லை.

நளீம் தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். அதாவது பிரசாரம். காலை எட்டு மணிக்குக் கொமட்டுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, "இதோ வருகிறது, இதோ வருகிறது" என்று தேர்தல் குரலில் ஆரம்பிப்பார். பொம்மை தருவதாகச் சொன்னார், சைக்கிள் தருவதாகச் சொன்னார். எதிர்க்கட்சி வேட்பாளரும் தராத வாக்குறுதி எல்லாம் தந்தார். ஹிமாயா காதைப் பொத்திக்கொள்வாள்.

தெருவில் இறங்கினால் ஊர் விசாரித்தது.

"நளீம் காக்கா, மகள் போனாவா?"

"எங்க தம்பி! ஆறு நாள். நேத்து ஒரு புளியங்கொட்ட அளவு. அவ்வளவுதான்."

இஷாத் தொழுகை முடிந்து செருப்புத் தேடும் இடத்தில் கேட்டவருக்கும் அதே விவரம். பல்லுக்கு மருந்து எடுக்க நின்ற வரிசையில் கேட்டவருக்கு, புளியங்கொட்டையின் நிறமும்.

ஏழாம் நாள் முஸ்பிறா மகளைத் தூக்கிக்கொண்டு டொக்டர் கோகுலனிடம் போனாள். பாண்டிருப்புக்காரர், பின்னேரங்களில் டிஸ்பென்சரி. நளீமும் கூடவே போனார்.

"எத்தின நாள்?" என்று டொக்டர் கேட்டார்.

"கடந்த வியாழன் காலை ஒன்பது இருபதுக்கு…" என்று நளீம் தொடங்கினார்.

"நீங்க கொஞ்சம் வெளியில இரிங்க."

நளீம் வெளியே வாங்கில் குந்தி, பக்கத்தில் இருந்தவருக்கு மிச்சத்தைச் சொன்னார். உள்ளே டொக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து, மெதுவாகக் கேட்டார்: "ஏன் ராசாத்தி, கக்கா போக விருப்பமில்லயா?"

ஹிமாயா கதவைப் பார்த்தாள். பிறகு டொக்டரின் காதுக்குள் சொன்னாள்: "வாப்பாட மைக்குக்குத் தெரிஞ்சிரும்."

டொக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். நளீமை உள்ளே கூப்பிட்டார்.

"நோகும் எண்டு அடக்குறா. அடக்க அடக்க இறுகுது. இறுகினது வரக்குள்ள இன்னும் நோகும், இன்னும் அடக்குவா. அந்தச் சுத்துக்குள்ள பயமும் வந்து குந்திட்டு. இந்தச் சிரப்ப ஒவ்வொரு நாளும் குடுங்க, இளகும். பம்பர்ஸ் கேட்டா குடுங்க, விரும்பின இடத்துல போகட்டும். முதல்ல வெளியேறணும், அதான் முக்கியம். ரெண்டு மூண்டு நாள் நோகாமப் போனாப் பிறகு, பம்பர்ஸோடயே கொமட்டில குந்தட்டும். கால் தொங்கப்படாது, பலகை ஒண்டு வையுங்க. அதுக்குப் பிறகு பம்பர்ஸ்ல அடியில ஓட்டை ஒண்டு வெட்டி விடுங்க. ஓட்டைய நாளுக்கு நாள் பெருப்பிச்சிக்கு வந்தா, ஒரு நாள் பம்பர்ஸே தேவைப்படாது. திங்கட்கிழமைக்குள்ள ஒண்டும் போகல்லையெண்டா ஆஸ்பத்திரி வாட்டில வெச்சித்தான் எடுக்கணும்."

"சரி டொக்டர்" என்றாள் முஸ்பிறா.

"அடுத்தது வாப்பாவுக்கு. இதப்பத்தி ஒருத்தரும் ஒண்டும் கதைக்கப்படாது. ஏசவும் வேணாம், கெஞ்சவும் வேணாம், கை தட்டவும் வேணாம்."

நளீம் திடுக்கிட்டார். "பாராட்டவும் ஏலாதா டொக்டர்?"

"போனாவா, சரி, கழுவி விடுங்க. முடிஞ்சி."

டொக்டரின் கட்டளையை நளீம் மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டார். அதை அடுத்த நாள் காலையே பஜார்த் தேநீர்க் கடையில் நின்று எல்லோருக்கும் விளக்கினார். "மகள்ட விசயத்தில நான் ஒண்டும் கதைக்கப்படாதாம். வாயே திறக்கப்படாதாம். எல்லாம் பயமாம். ஓட்டை வெட்டணுமாம்." எதில் ஓட்டை என்று கேட்டார்கள். சொன்னார். அன்று ஜும்ஆவுக்குப் பிறகு நான்கு பேர் முஸ்பிறாவின் வாசலில் வந்து ஓட்டையைப் பற்றி விசாரித்தார்கள். ஒருவர் கத்தரிக்கோலும் கொண்டு வந்திருந்தார்.

முஸ்பிறா அவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்து அனுப்பினாள். புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தம் போடுகிற ஆளோடு பதினொரு வருடம் குடும்பம் நடத்தினவளுக்குச் சத்தம் போட்டுப் பயனில்லை என்பது தெரியும்.

அல்லாஹ் அவளுக்கு ஒரு வழி விட்டான். பொத்துவிலில் ஒரு கடைத் திறப்பு. சனியும் ஞாயிறும் அறிவிப்பு. நளீம் போனார். வீடு அமைதியானது. அப்படி ஓர் அமைதியை அந்த வீட்டுச் சுவர்களே கேட்டிருக்க மாட்டா. ஞாயிற்றுக்கிழமை காலை ஹிமாயா உம்மாவிடம் வந்து பம்பர்ஸ் கேட்டாள். கட்டிக்கொண்டு அலுமாரிச் சந்துக்குள் போனாள். நெடுநேரம் நின்றாள். சிரப் தன் வேலையைச் செய்தது. முஸ்பிறா கழுவி விட்டாள். குசினிக்குள் போய்ச் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒன்பது வீட்டில் தன்னுடையது போக எட்டு வீட்டுக்கும் நடந்தாள். எல்லா வாசலிலும் ஒரே பேச்சு.

"புள்ள இண்டைக்குப் போயிட்டா. ஜனவரியில நேசரி. அதுக்கிடையில அவட வாப்பாக்கு இது தெரியப்படாது. தெரிஞ்சா மைக்கில வரும், மைக்கில வந்தா புள்ள திரும்பவும் அடக்கிருவா."

"எங்கட வாயால வராதுகா" என்றாள் ஒருத்தி.

"வராது எண்டு எனக்கும் தெரியும். இந்த ஒழுங்கையில ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் என்ன கெடக்கெண்டும் தெரியும். எங்கட வீட்டில ஒரு மைக் இரிக்கி. மறந்திராதீங்க."

கல்முனைக்குடி வரலாற்றில் முதன்முறையாக ஓர் ஒழுங்கை இரகசியம் காத்தது.

திங்கட்கிழமை நளீம் திரும்பி வந்ததும் கேட்டார்: "வாட்டில வைக்கிறயா?"

"தேவையில்ல."

"அப்ப போனாவா?"

"தேவையில்ல எண்டு சொன்னன்."

நளீம் றுகையாவிடம் போனார். மதினிக்குத் தெரியாத ஒன்று இருக்காது.

"எனக்கென்ன தெரியும்? என்ட வேலையோட நான் இரிக்கன்" என்றாள் றுகையா. அந்த வாக்கியத்தை அவள் வாழ்க்கையில் முதல் தடவை சொன்னாள் என்பதைக் கூட நளீம் கவனிக்கவில்லை. முகைதீன்பாவாவிடம் கேட்டார். அவர் மீனின் செதிலைப் பற்றிக் கதைத்தார். கடைசி வீட்டுப் பதினொரு மாதக் குழந்தையைத் தவிர எல்லோரிடமும் கேட்டார். ஒழுங்கையே நாட்டு நிலவரம், வெள்ளாமை விலை, கடலரிப்பு என்று பெரிய விஷயங்களைப் பேசியது.

வீட்டில் ஹிமாயா இரண்டு றொட்டி தின்றாள், ஓடினாள், பூனையைத் துரத்தினாள். குப்பை வாளிக்குள் அடியில் ஓட்டை வெட்டிய பம்பர்ஸ் கிடந்தது. ஓட்டை நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டு வந்தது. குப்பையை வெளியே வைக்கிற வேலை நளீமுடையது. அவர் ஒவ்வொரு நாளும் வைத்தார். பார்க்கவில்லை. பார்ப்பதற்கு வேறு உறுப்பு வேண்டும். அவருக்கு அல்லாஹ் தந்த பலமெல்லாம் வாயில் இருந்தது. "பதினாறு நாள். புள்ள எப்பிடித்தான் தாங்குதோ?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். துஆவும் கேட்டார். புடவைக்கடை அறிவிப்பில் திகதியை மறந்து, முடிந்துபோன மலிவு விற்பனைக்கு ஒரு பகல் முழுக்க ஆள் சேர்த்தார்.

டிசம்பர் கடைசி வாரம். நேசரி திறக்க ஆறு நாள் இருந்தது. காலை பத்து மணிபோல நளீமின் மைக் நின்றுவிட்டது, சுவிட்சில் பழுது. திருத்துகிற சாமான் வீட்டில். ஆட்டோவைத் தெருமுனையில் விட்டுவிட்டு, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்பக்கப் படலையால் வந்தார்.

குசினிக்குப் பின்னால் மஞ்சள் கொமட். அதன் மேல் ஹிமாயா. பம்பர்ஸ் இல்லை. கால் இரண்டும் ஒரு பலகையில். கையில் ஒரு பிஸ்கட்.

முஸ்பிறா குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே உறைந்தாள். சுவருக்கு மேலால் தெரிந்த றுகையாவின் தலை அசையவில்லை. வீட்டுக்கு ஊடாகத் தெரிந்த முன்வாசலில் மீன் நிறுத்துக்கொண்டிருந்த முகைதீன்பாவாவின் தராசு அந்தரத்தில் நின்றது. எல்லோருடைய கண்ணும் நளீமின் முகத்தில் இல்லை. அவருடைய கையில் இருந்தது.

நளீமின் வாய் திறந்தது. பழக்கம். நெஞ்சு நிறையக் காற்றும் போய்விட்டது.

ஹிமாயா திரும்பிப் பார்த்தாள். பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்தினாள். பலகையில் இருந்த இரண்டு பெருவிரலும் மெல்ல மடங்கின. ஒரு கால் மற்றக் காலைத் தேடிப் போனது. நவம்பரில் பத்து நாள் பின்னிக் கிடந்த அதே கால்கள்.

நளீம் பார்த்தார். இந்த முறை பார்த்தார்.

"வாப்பா" என்றாள் ஹிமாயா. "மைக் வேல செய்யுதா?"

நெஞ்சிலிருந்த காற்று மூக்கால் வெளியே வந்தது. "இல்ல மகள். பழுது."

"நல்லாப் பழுதா?"

"நல்லாப் பழுது."

"அப்ப அங்கால பாத்துக்கு நில்லுங்க."

நளீம் மதில் பக்கம் திரும்பி நின்றார். மதிலில் பாசி பிடித்திருந்தது, ஓர் எறும்பு வரிசை போனது. நளீம் எறும்புகளைப் பார்த்துக்கொண்டு, மைக்கை இரண்டு கையாலும் வயிற்றோடு அமத்திக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் இருக்கும். அவருக்கு அது ஒரு நோன்பு அளவு.

பின்னால் கொமட்டுக்குள் சிறிய சத்தம் ஒன்று விழுந்தது.

"மாஷா அல்…" என்று முன்வாசலிலிருந்து முகைதீன்பாவா தொடங்கினார்.

"ஷ்ஷ்!" நளீம் திரும்பாமலே விரலை உதட்டில் வைத்தார். "காக்கா, புள்ளைக்கிட்ட சத்தம் போடாதீங்க."

"முடிஞ்சி" என்றாள் ஹிமாயா. முஸ்பிறா வந்து கழுவி விட்டாள். கொமட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஒருவரும் கை தட்டவில்லை. ஹிமாயா மிச்சப் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு பூனையைத் தேடிப் போனாள்.

நளீம் சுவிட்சைத் திருத்திக்கொண்டு லுஹர்த் தொழுகைக்குப் பிறகு வெளியே போனார். தேநீர்க் கடையைத் தாண்டும்போது நிறுத்தவில்லை. அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு காணாமற்போன ஆடு. மண்ணிறம், இடது காதில் வெள்ளை. அரை மணித்தியால வேலை. அதை அவர் மூன்று மணித்தியாலம் அறிவித்தார். ஊரே காதைப் பொத்துகிற சத்தம். குரலில் அப்படி ஓர் ஆனந்தம். ஆடு முதல் இருபது நிமிடத்திலேயே கிடைத்துவிட்டது. அதைச் சொல்லி நிறுத்துவதற்காக ஆட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் அட்டாளைச்சேனை எல்லை வரை நளீமைத் துரத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது.